குதிரை வளர்த்த லைன் சூப்பர்வைசர்

அவர் மூச்சு விடுவது பன்னிரண்டாவது மெஷின் வரை கேட்கும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். வேலம்பாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஒரு லைனுக்கு முப்பது தையல் மெஷின்கள். எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே காதருகே குனிய வேண்டும். அந்த இரைச்சலில், முதல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் உதடுகளை அதிரவிட்டு 'ப்ர்ர்ர்' என்று ஊதினால், பன்னிரண்டாவது மெஷினில் இருக்கும் டெய்லர் நிமிர்ந்து சிரிப்பார். பதின்மூன்றாவதில் இருப்பவர் சிரிக்க மாட்டார். அவருக்குக் கேட்டிருக்காது.

குதிரைகள் அப்படி ஊதும் என்று எனக்கு அப்போது தெரியாது. பெருமாநல்லூர் தாண்டி உள்ளே போகும் சாலையில் அவருக்குத் தோட்டம் இருந்தது. தோட்டத்தில் சோளத்தட்டு, தென்னை, அவற்றுக்கு நடுவே ஒரு பெண் குதிரை. கம்பெனியில் எல்லோரும் அவரைக் 'குதிரக்காரக்கா' என்றார்கள். என்னைவிட ஒரு வயது இளையவர்தான். ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்று தெரிந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்.

"எம்பேர மட்டும் அதுல எழுதீராதீங்க சார். எழுதுனா அப்பறம் நானு ஒழுங்கா இருக்கோணும்."

அதனால் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த மூன்று வருடமும் என் நாட்குறிப்பில் அவர் 'லை.சூ.' மட்டும்தான். பிறகு அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்வி.

என் வேலை தரக் கட்டுப்பாட்டுப் பதிவேடுகள். ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை பீஸ் தைக்கப்பட்டது, எத்தனை திரும்பி வந்தது என்று லைன் சூப்பர்வைசர்கள் எழுதித் தர வேண்டும். மற்ற நால்வரும் தந்துவிடுவார்கள். இவர் மட்டும் மூன்று மணி நேரத்துக் கணக்கை ஒன்றாகச் சேர்த்து, அதையும் ஒரு பட்டன் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார். ஒருநாள் காலை பத்து மணிக்கு நான் அதைக் கண்டித்தேன். அவரும் விடவில்லை.

"தைக்கறதப் பாக்கறதுங்களா, எழுதிக் குடுக்கறதுங்களா? ரெண்டுல ஒண்ணுதானுங்க கையி செய்யும்!"

லைன் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் விறுவிறுவென்று நடந்து கடைசி மெஷின் வரை போனார். அங்கே நின்று ஊதினார். தோளை ஒருமுறை உலுக்கிக்கொண்டார். பத்தே கால் ஆனபோது என் மேஜைக்கு வந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். உள்ளே கைமுறுக்கு.

"சாப்புடுங்க சார். நேத்து சுட்டது."

"நான் கோபமாக இருக்கிறேன்," என்றேன். அது உண்மை. அதனால் சொன்னேன்.

"இன்னுமுங்களா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. மழை நின்று கால் மணி நேரம் ஆன பிறகும் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கிறவர் கேட்பதுபோலக் கேட்டார்.

அந்தக் கோபம் எனக்கு நான்கு நாள் இருந்தது. திங்கள் முதல் வியாழன் வரை நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. முறுக்கு நன்றாக இருந்தது என்பதும் திங்கட்கிழமைப் பக்கத்திலேயே இருக்கிறது.

இதுதான் அவர். பயமோ கோபமோ வந்தால் முழுசாக வரும். யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்பட்டு அதைப் பாதியில் விழுங்க மாட்டார். முடிந்ததும் முடிந்துவிடும். நானெல்லாம் கம்பெனியில் நடந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பிடும்போது ஒருமுறையும் படுத்தபின் இன்னொரு முறையும் நடத்திப் பார்க்கிறவன். அவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"குதிர இருக்குதுங்கல்ல, ரோட்டுல ஒரு பாலித்தீன் பை பறந்தாலே பயந்துக்கும். நாலு கால் பாய்ச்சல்ல அந்தக் கோடிக்கு ஓடும். ஓடீட்டுத் திரும்பி நின்னு பாக்கும். பையிதான்னு தெரிஞ்சா ஒரு ஊது ஊதி, ஒடம்ப ஒரு ஒதறு ஒதறும். அப்பறம் குனிஞ்சு புல்லுத் திங்கும். அந்தப் பைய நெனச்சு ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்காதுங்க."

"நாளைக்கும் அதே பை பறந்தால்?"

"நாளைக்கும் ஓடும். அது நாளைக்குத்தானுங்க."

இவரிடமிருந்து தப்பித்தவர் யாரும் இல்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மூன்று நாள் தணிக்கைக்கு வரும் வாரம் என்றால் எங்கள் தொழிற்சாலையே மாறிவிடும். வாசலில் கோலம் போடுவார்கள். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்தைத் தேடி நானே இரண்டு முறை பார்ப்பேன். மேனேஜர் முதலாளிக்கு உறவுக்காரர், நல்ல மனிதர், ஆனால் அந்த வாரம் மட்டும் அவர் குரல் இரண்டு மடங்காகும். கழிவறைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றிக்கூடக் கத்துவார். அப்படி ஒரு தணிக்கைக்கு முந்தின நாள் நாங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, இவர் பின்வரிசையில் இருந்து பேசினார்.

"எங்க தோட்டத்துல மின்ன ரெண்டு குதிர இருந்துச்சுங்க. ரெண்டும் ஒண்ணாப் படுத்துத் தூங்காது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கும். நிக்கறது காதத் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டே இருக்கும். அப்பறம் மொற மாத்திக்கும். இங்க என்னடான்னா நாப்பது பேரும் ஒண்ணா நின்னு காதத் திருப்பீட்டு இருக்கறோம்."

மேனேஜர், "அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க அக்கா? ஆடிட்டர் முன்னால படுத்துத் தூங்கச் சொல்றீங்களா?" என்றார்.

"கவலப்படறதுக்கு மொற போடுங்கங்கறேன். நாளைக்கு நீங்க. நாளான்னைக்கு சார். மூணாவது நாளு நானு. அவங்கவங்க மொறையில வயிறாரக் கவலப்பட்டுக்கலாம். மத்தவிங்க வேலயப் பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்று மாலையே கட்டம் போட்டு அட்டவணை தயாரித்துவிட்டேன். நாள், பொறுப்பாளர், மாற்று நபர் என்று மூன்று பத்திகள். அதை அவர் வேடிக்கைக்குச் சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் அட்டவணையைப் பார்த்ததும் அவரே அதை நிறைவேற்றத் தொடங்கிவிட்டார். முதல் நாள் மதியம் அவசர வழிக் கதவின் சாவி காணவில்லை என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது, வழிமறித்தார்.

"இன்னைக்கு உங்க மொறையே இல்லியே. அக்கட்ட போயிச் சோத்தத் தின்னுங்க."

அன்று நான் கவலைப்படாமல் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்பது நினைவில் இருக்கிற தணிக்கை நாள் அது ஒன்றுதான். தட்டப்பயறுக் குழம்பு. சாவி மேனேஜரின் சட்டைப் பையில் இருந்தது.

குதிரையை நான் ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் கையெழுத்துப் போட மறந்த படிவங்கள் ஆறு என்னிடம் இருந்தன. திங்கள் காலைக்குள் வேண்டும். பைக்கில் அவருடைய தோட்டத்துக்குப் போனேன். குதிரை தென்னை மரத்தடியில் கட்டாமல் நின்றது. செம்பழுப்பு நிறம். நான்கு கால்களிலும் குளம்புக்கு மேல் வெள்ளை, நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. பஞ்சகல்யாணி என்பார்கள், ராசியான குதிரை என்று அவர் கணவர் சொன்னார். அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது. வந்த வாரத்திலேயே அவருடைய பைக்கின் முன்விளக்கை உதைத்து உடைத்ததாம். அதையும் ராசி என்றே சொன்னார். பக்கத்தில் அவர் முழங்கால் இருந்ததாம்.

தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள். நான் ஓர் அடி வைத்தேன். குதிரை ஓர் அடி தள்ளி நின்றது. இன்னோர் அடி வைத்தேன். அதுவும் வைத்தது. பதினான்கு அடி நடந்த பிறகும் எங்களுக்கு நடுவில் இருந்த தூரம் குறையவில்லை.

"ஏனுங்க சார், எதுக்கு மூச்சப் புடிச்சுட்டு நிக்கறீங்க?" என்றார் அக்கா.

அப்போதுதான் கவனித்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நேரா அது மூஞ்சியப் பாத்துட்டே வேற போறீங்க. நம்மள அடிச்சுத் தின்ன வர்றதுதானுங்க அப்புடி மூச்சடக்கீட்டு, கண்ணப் பாத்துட்டு வரும். பாவம், அதுக்குத் தெரியுமா நீங்க பைலோட வந்திருக்கீங்கன்னு?" பிறகு கணவரிடம் திரும்பி, "கையெழுத்து வாங்காம உடமாட்டாரு," என்றார்.

எனக்கு எதையும் கற்றுத்தரும் எண்ணம் அவருக்கு இல்லை. நிலக்கடலை உரிக்க உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து படிவங்களை வரிசைப்படுத்தினேன். பக்கம் சரியாக இருக்கிறதா, நகல் பின்னால் இருக்கிறதா என்று பார்த்தேன். வேலையில் குதிரையை மறந்துவிட்டேன். கழுத்தில் சூடான காற்று பட்டது. திரும்புவதற்குள் நான்காவது படிவத்தின் மூலையைக் காணோம். குதிரை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"அதும் கையெழுத்துப் போட்டுருச்சு," என்றார் அக்கா.

இந்த மனிதரின் குணம் விளையாட்டு இல்லை, அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. அதைச் சொல்ல, ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தைக்கும்போது ஊசி உடைவது சாதாரணம். ஆனால் உடைந்த துண்டு ஒன்று துணிக்குள் தங்கிவிட்டால் அதைப் போட்டுக்கொள்பவர் உடம்பில் குத்தும். அதனால் பனியன் கம்பெனிகளில் ஒரு நடைமுறை உண்டு. ஊசி உடைந்தால் டெய்லர் உடனே மெஷினை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, என் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். துண்டுகளை ஒன்றுசேர்த்து முழு ஊசியாகப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டுவேன். பிறகுதான் புது ஊசி தருவேன். ஒரு துண்டு குறைந்தாலும் அவர் தைத்துக்கொண்டிருந்த பண்டல் நகராது. பண்டல் என்றால் இருபத்து நான்கு உடுப்புகள் சேர்ந்த கட்டு. துண்டு கிடைக்கும் வரை அத்தனையையும் சோதிக்க வேண்டும்.

அன்று கைக்குழந்தைகளுக்கான உடுப்பு, இரண்டாயிரத்து நானூறு. மாலை ஆறு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். மறுநாள் தூத்துக்குடியில் கப்பலில் ஏறும் சரக்கு. வழக்கமாகப் பெட்டிக்குள் போகும் முன் எல்லா உடுப்பும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் ஒருமுறை போய் வரும். அன்று காலைச் சோதனையில் அந்த மெஷின் ஒலிக்கவில்லை. சரிசெய்கிறவர் கோவையில் இருந்து மறுநாள்தான் வருவார். கையில் பிடித்துத் தடவும் சிறு கருவிகள் இரண்டு இருந்தன. ஓர் உடுப்புக்கு நாற்பது விநாடி ஆகும். எல்லாவற்றையும் அதில் பார்ப்பதென்றால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். அன்று ஊசி எதுவும் தவறாமல் இருந்தால் சரக்கை அனுப்பலாம் என்று முடிவாகியிருந்தது. தவறவில்லை என்பதற்கு என் கையெழுத்துதான் சாட்சி.

மதியம் இரண்டு நாற்பதுக்கு, அன்று ஒட்டியவற்றை மறுபடி அளந்து பார்த்தேன். எப்போதும் செய்வதுதான். செல்வராணி என்ற டெய்லர் பதினொன்று இருபதுக்குக் கொண்டுவந்த ஊசி மூன்று துண்டாக இருந்தது. மூன்றையும் சேர்த்தால் ஒரு முழு ஊசியைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அதிகமாக இருந்தது.

உடைந்த ஊசி நீளமாகாது. நுனி வேறொரு ஊசியினுடையது. உண்மையான நுனி எங்கோ ஒரு குழந்தைச் சட்டையில் இருக்கிறது.

மேனேஜரிடம் ஓடினேன். பதிவேட்டில் குறித்திருந்த பண்டலைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எதுவும் இல்லை. அப்படியானால் ஊசி உடைந்தது வேறு நேரத்தில், வேறு பண்டலில். எந்த பண்டல் என்பது செல்வராணிக்கு மட்டும்தான் தெரியும். முப்பது வயதுப் பெண், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கணவரும் எங்கள் கம்பெனியிலேயே அயர்ன் மாஸ்டர். மேஜைக்கு முன்னால் நிறுத்தி மேனேஜர் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. எப்ப ஒடஞ்சுது?"

"பதினொன்னு இருவதுக்குத்தான் சார். எழுதியிருக்குல்லா."

"நுனி எங்க?"

"ஒட்டியிருக்கதுதான் சார் நுனி."

"அளவு அதிகமாக இருக்கிறது," என்றேன் நான்.

"எனக்குத் தெரியாது சார். நான் குடுத்ததத்தான் நீங்க ஒட்டியிருக்கிய." குரல் அசையவில்லை. முகம் அசையவில்லை. கைகள் பக்கத்தில் ஒட்டியிருந்தன. அந்த அசையாமையைப் பார்த்து மேனேஜருக்கே சந்தேகம் வந்து, "ஏனுங்க, நீங்க அளந்தது சரிதானுங்களா?" என்று என் பக்கம் திரும்பினார்.

மூன்று முறை அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர். கையெழுத்துப் போட முடியாது என்றேன். அவர் செல்வராணியிடம் திரும்பி இன்னும் பலமாகக் கத்தினார். மணி மூன்றே கால்.

அப்போது அக்கா வந்தார். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டார். செல்வராணியின் முகத்தை ஒருமுறைதான் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சித்தெ அந்த ரூமுக்குள்ள போயிருங்க. கதவச் சாத்திக்குங்க. எட்டிப் பாக்காதீங்க."

கண்ணாடி அறை. எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. அவர் செல்வராணியை அழைத்துப் போய் அவளுடைய மெஷினிலேயே உட்கார வைத்தார். எதிரே நிற்கவில்லை. பக்கத்தில், அவளுக்குத் தோளைக் காட்டிக்கொண்டு, ஒரு பண்டலின் மேல் உட்கார்ந்தார். தரையில் கிடந்த நூல் பிசிறுகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். டீ குடித்தாயா என்றுதான் கேட்டாராம், பிறகு தெரிந்தது. அவள் பதில் சொல்லவில்லை. இவரும் மறுபடி கேட்கவில்லை.

"என்ன பண்றாங்க? நூலுப் பொறுக்கறாங்க!" என்றார் மேனேஜர். "வேன் வந்துரும்!"

பிறகு அக்கா எழுந்தார். அவளைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு, லைனின் கடைசியில் இருக்கும் தண்ணீர்க் கேன் பக்கம் மெதுவாக நடந்து போய்விட்டார். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி. செல்வராணி எழுந்தாள். யாரும் கூப்பிடாமல் அவர் பின்னாலேயே நடந்து போனாள்.

தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காலையில் மெஷின் போட்ட முதல் அரைமணிக்குள் ஊசி உடைந்திருக்கிறது. தேடியும் நுனி கிடைக்கவில்லை. ஒளித்து வைத்திருந்த பழைய ஊசி ஒன்றை மாட்டித் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதுவும் மழுங்கித் தையல் விடத் தொடங்கியதும், அதன் நுனியை ஒடித்து, காலையில் உடைந்ததோடு சேர்த்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறாள். இரண்டாவது பண்டல், மஞ்சள் நிறம், மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கான அளவு.

பெட்டிகளைப் பிரித்து அந்த இருபத்து நான்கையும் எடுத்தோம். பத்தொன்பதாவது சட்டையின் கழுத்து மடிப்பில் கருவி ஒலித்தது. தையலைப் பிரித்தேன். நுனி என் விரலில் குத்திய பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒட்டி அளந்தேன். சரியாக ஒரு முழு ஊசி. மணி நான்கு ஐந்து.

செல்வராணிக்கு அப்போதுதான் நடுக்கம் வந்தது. கை, தோள், தாடை எல்லாம் ஆடின. மேனேஜர், "கெடச்சிருச்சில்ல, இன்னும் எதுக்கு நடுங்கற, நிறுத்து," என்றார்.

"நடுங்கட்டும் உடுங்க," என்றார் அக்கா. "காத்தால இருந்து அடக்கி வெச்சிருந்தது. ஆடி முடியட்டும். கண்ணு, நீ பாட்டுக்கு நடுங்கு."

முடிந்ததும் அவளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். கதவு சாத்தியதும் மேனேஜர் முடிவாகச் சொன்னார்.

"நாளைல இருந்து இவ வேண்டாங்க அக்கா. ஒடஞ்சதுகூடப் பரவால்ல. மறச்சா பாருங்க, அதுதான். கொழந்தைக போடறதுங்க."

"எங்க குதிரய மின்ன வெச்சிருந்தவன் கலியாண ஊர்வலத்துக்கு ஓட்டீட்டு இருந்தானுங்க," என்றார் அக்கா. சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றுதான் நினைத்தோம். "பேண்டு வாத்தியம், வெடி. அது மொதல்ல மெரண்டுச்சு. மெரண்டா அடிச்சான். மறுக்கா மெரண்டுச்சு, மறுக்கா அடிச்சான். அப்பறம் பொம்மையாட்ட நின்னுச்சு. காது அசையாது, வாலு அசையாது. எல்லாரும் என்ன சாதுவான குதிரைன்னாங்க. அதுக்குப் பயம் போகலீங்க. காட்டுனா அடி உழுகும்னு படிச்சுக்கிச்சு. ஒரு ஊர்வலத்துல ஒரு அறிகுறியும் இல்லாம ஒரே ஒதை. மாப்பிள்ளைக்குத் தம்பி. ரெண்டு பல்லு."

மேனேஜர் தன் முன்பற்களை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இவள அனுப்பீருங்க. அனுப்புனா மிச்சம் இருக்கற டெய்லருக அத்தன பேரும் இன்னைக்கே படிச்சுக்குவாங்க, இன்னும் நல்லா மறைக்கோணும்னு. அடுத்தவ ஒன்றர மில்லி மீட்டரு அதிகமா ஒடிக்க மாட்டா. சரியா அளந்து ஒடிப்பா. அப்ப சாரால கண்டுபுடிக்க முடியாது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். கண்டுபிடித்திருக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப என்னதான் பண்றது?" குரல் இறங்கியிருந்தது.

"அவ எதப் பாத்துப் பயந்தான்னு பாருங்க. ஊசியப் பாத்தா? இந்த மேசையப் பாத்து."

அது என்னுடைய மேஜை. ஊசி உடைந்து வருகிறவர்களை எதிரே நிற்க வைத்து நான் பதினொரு கேள்விகள் கேட்பேன். அவற்றைத் தயாரித்ததும் நான்தான். கடைசிக் கேள்வி, 'இதைத் தவிர்த்திருக்க முடியுமா?' அதற்கு முந்தின மாதம் ஒரு டெய்லர் நுனி கிடைக்காமல் இரண்டு மணி நேரம் அந்த மேஜை முன் நின்றாள். லைன் முழுக்க அவளைத் திட்டியது. செல்வராணி அவளுக்கு அடுத்த மெஷின்.

"மூணு கேள்வி போதுமுங்க சார்," என்றார் அக்கா. "எப்ப ஒடஞ்சுது, எந்த பண்டல், துண்டு எல்லாம் இருக்குதா. அதையும் உக்கார வெச்சுக் கேளுங்க. நீங்க பதிவேட்டப் பாத்துட்டே கேளுங்க, அவ மூஞ்சியப் பாக்காதீங்க. தொலஞ்சு போச்சுன்னா தேடலாம் வான்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

நான் நெடுநேரம் விவாதித்தேன் என்று நாட்குறிப்பு சொல்கிறது. எட்டுக் கேள்விகளை விட்டுக்கொடுப்பது எளிதாக இல்லை. வேன் ஆறு மணிக்குக் கிளம்பியது. செல்வராணி மறுநாள் வேலைக்கு வந்தாள். மேனேஜர் அவளைப் பார்க்காததுபோல் கடந்து போனார். அதுவே அவர் கொடுத்த பதில்.

அதற்குப் பிறகு உடைந்த ஊசிப் பதிவேடு வேகமாக நிறையத் தொடங்கியது. பழைய பதிவேடு ஒரு வருடம் வந்தது. புதியது நான்காவது மாதத்திலேயே கடைசிப் பக்கத்தைத் தொட்டுவிட்டது. ஒரு மதியம், சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில், மேனேஜர் அதைப் புரட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க சார், ஊசியெல்லாம் மெழுகுல செஞ்சு அனுப்பறானா? இத்தன ஒடையுது. மெக்கானிக்கக் கூப்புடுங்க."

"ஊசி அதேதானுங்க. மெஷினும் அதேதான்."

"அப்பறம்?"

"முன்னாலும் இத்தனைதான் ஒடஞ்சிருக்கும். யாரும் சொல்லலீங்க."

அவர் பதிவேட்டைப் பழையபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஊசி புடிக்கற மெஷின் இருந்துச்சில்லீங்க. அது புடிச்சிருக்குமில்ல?"

"பிடித்திருக்கும்," என்றேன்.

"எங்க பேத்திக்கு நானே இங்கிருந்து ரெண்டு சட்ட எடுத்துட்டுப் போனனுங்க," என்றார்.

அந்த நேரத்தில் செல்வராணி வந்தாள். ஒரு கையில் உடைந்த ஊசி, இன்னொரு கையில் ஒரு முழு பண்டல். நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜர் நிற்பதைப் பார்த்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"இப்பத்தான் சார் ஒடஞ்சிட்டு. ரெண்டு துண்டு இருக்கு. நுனியக் காணோம். கீழயும் தேடிப் பாத்தாச்சு. இதுலதான் எங்கயோ இருக்கு." பண்டலை மேஜைமேல் வைத்தாள்.

கைகழுவும் தொட்டிப் பக்கமிருந்து அக்கா கூப்பிட்டார். "வா கண்ணு, சோறு ஆறுது. தேடறதுக்குத்தான் ரெண்டு ஆம்பளைக இருக்காங்கல்ல."

செல்வராணி எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சாப்ட்டு வந்திருதேன் சார்," என்று எழுந்து போனாள்.

மேனேஜர் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, பண்டலின் முடிச்சை அவிழ்த்தார். முதல் உடுப்பை எடுத்து, அதன் கழுத்து மடிப்பைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனார்.